வியாழன் பின்னேரம், வெள்ளி இரவு

செவன் கிங்ஸ், லண்டன்
17.11.1991

அன்புள்ள மிஸ்ரியா,

நீயும் உம்மாவும் தம்பி ஹில்மியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேனையை எடுத்திருக்கிறேன். இங்கே எங்களுக்குக் குறை இல்லை, குளிர் மட்டும்தான்.

என்னை நினைவிருக்கிறதா? படம் பிடிக்கிற யோகா ஸ்ரூடியோக்காரரின் மகள் நளாயினி. நான் வந்து நான்கு வருடமாகிறது. போன வருடம் முஸ்லிம் ஆட்கள் உங்கள் எல்லோரையும் இயக்கப் பெடியள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து உன் விலாசத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். அடுத்த தெருவில் பிலோமினம்மா என்று ஒருவர் இருக்கிறார். அவருடைய பெறாமகன், தங்கையின் பிள்ளை, ஒரு கத்தோலிக்கச் சுவாமியார், புத்தளம் அகதி முகாம்களுக்கு மருந்து கொண்டுபோகிறவர். அவர்தான் உன்னைக் கண்டுபிடித்துத் தந்தார். பதிலை எங்கள் வீட்டுக்கு எழுதாதே, பிலோமினம்மா விலாசத்துக்கே எழுது.

எங்கள் வீட்டில் உங்கள் கதை எடுக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்பலவாணன் மாமா வருவார், இயக்கத்துக்குக் காசு சேர்க்கிற சங்கத்துக்காரர். ஒருநாள் அம்மா தேத்தண்ணி கொடுத்துக்கொண்டே, "பாவம், அந்தச் சோனக ஆக்கள் எல்லாம் எங்க போச்சினமோ" என்றார். மாமா கோப்பையை மேசையில் வைத்தார். "யோகராஜா, இந்தக் கதையள் வீட்டில வேண்டாம். உம்மட தம்பியும் அங்கதானே இருக்கிறார்?" என்றார். அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அப்பா "ஓம், ஓம்" என்று தலையை ஆட்டினார். அன்றைக்குப் பிறகு அம்மா வாய் திறப்பதில்லை.

மிஸ்ரியா, ஒரு விஷயம் சொல்லத்தான் எழுதுகிறேன். எண்பத்தாறாம் ஆண்டு உன் வாப்பா உங்கள் பள்ளிவாசலில் அடக்கம் செய்தவர்களின் பெயர் எழுதும் அடக்கப் புத்தகத்தை முழுக்கப் படம் எடுக்க வேண்டும் என்று அப்பாவைக் கேட்டாரே, அந்தப் படச்சுருள்கள் எங்கள் வீட்டில் இருக்கின்றன. அப்பாவின் கட்டிலுக்குக் கீழே ஒரு பழைய பெட்டி. தொடக்கூடாது என்பது சட்டம். போன கிழமை தொட்டுவிட்டேன். ஒன்றும் பழுதாகவில்லை, அப்படியே இருக்கிறது. பக்கத்தின் மூலைகளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி நம் இரண்டு பேரையும் இருத்திவைத்தார்களே, நம் விரல்களும் அதில் இருக்கின்றன.

அந்தப் புத்தகம் உங்களோடு வந்ததா? வாப்பா சுகமா? அவரிடம் சொல், சந்தோஷப்படுவார்.

இன்று அப்பாவுக்குப் பெற்றோல் ஸ்டேஷனில் நைட் ஷிப்ட். அதனால்தான் எழுத முடிந்தது. உன் எழுத்தைக் கண்டால்தான் எனக்கு ஆறுதல்.

உன் நளாயினி

---

செவன் கிங்ஸ்
5.1.1992

அன்புள்ள மிஸ்ரியா,

சுகமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. பதில் இல்லை. ஒவ்வொரு சனியும் பிலோமினம்மா வீட்டுக்குப் போகிறேன். "இல்லைப் பிள்ளை, லைட் பில்தான் வந்தது" என்கிறார்.

என் கடிதம் உன் கையில் கிடைக்கவில்லையா? இல்லாவிட்டால் நான் எழுதியதில் ஏதும் பிழையா? வாப்பாவுக்குச் சுகமில்லையா? ஒரு வரியாவது எழுது.

உன் பதிலை எண்ணிக்கொண்டிருக்கும்
நளாயினி

---

அகதி முகாம், புத்தளம்
19.1.1992

அன்பின் நளாயினிக்கு,

உனக்கும் வீட்டாருக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தரட்டும். உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. உம்மாவுக்குக் கால் வீக்கம். ஹில்மிக்குச் சொறி வந்து மாறிவிட்டது. நான் பின்னேரப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். காலையில் ஊர்ப் பிள்ளைகள் படிப்பார்கள், இரண்டு மணிக்குப் பிறகு அதே வாங்கில் அகதிப் பிள்ளைகள்.

புத்தகம் வரவில்லை.

படச்சுருள் உண்மையாகவே பழுதாகவில்லையா? தண்ணீர் பட்ட அடையாளம் ஏதும் இருக்கிறதா? நன்றாகப் பார்த்து எழுது. எழுத்துகளை வாசிக்க முடியுமென்றால் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கு. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை. யாருக்கும் சொல்லாதே. உன் அப்பாவுக்குச் சொல்லவே சொல்லாதே.

உம்மா உனக்கு துஆச் செய்கிறார்.

மிஸ்ரியா

---

செவன் கிங்ஸ்
9.2.1992

அன்புள்ள மிஸ்ரியா,

உன் கடிதம் வந்த சந்தோஷத்தில் எனக்கு இரண்டு நாள் காய்ச்சலும் தெரியவில்லை. பிலோமினம்மா அதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "மாதாவே, இந்த வயசில என்னைக் கள்ளக்கடத்தல்காரி ஆக்கிப்போட்டாய்" என்றார். உம்மாவின் கால் இப்போது எப்படி?

நன்றாகப் பார்த்தேன். தண்ணீர் பட்ட அடையாளம் ஒன்றுகூட இல்லை. ஏன் அப்படிக் கேட்டாய் என்று விளங்கவில்லை.

வாசிப்பது இப்படித்தான். சாமிப் படத்தின் கண்ணாடியைக் கழற்றி, கீழே டோர்ச்சை வைத்து, மேலே படச்சுருளைப் பரப்புவேன். அப்பாவின் பழைய பூதக்கண்ணாடியால் பார்ப்பேன். நெகட்டிவ்தானே, பக்கம் கறுப்பு, எழுத்து வெள்ளை, நம் விரல்கள் சாம்பல் நிறம். ஒரு இரவுக்கு நான்கு பக்கம் கொப்பியில் எழுதலாம். அடுத்தநாள் மதியம் பள்ளிக்கூடக் கொம்பியூட்டர் அறையில் அடிப்பேன். பெயர், தகப்பன் பெயர், வயது, ஹிஜ்ரி மாதம், இங்கிலீசுத் தேதி, கிழமை, கபுறுக் குழி இருக்கும் இடம் என்று ஏழு கட்டம். அதில் தமிழ் எழுத்து இல்லை. எல்லோரையும் இங்கிலீசு எழுத்தில்தான் போடவேண்டியிருக்கிறது. மன்னித்துக்கொள்ளச் சொல். முதல் பத்துத் தாளை இதோடு வைக்கிறேன்.

ஆனால் ஒரு அதிசயம். ஒரு பெயரை அடித்தால், எத்தனை நூறு பேருக்குள்ளும் அந்த ஆளை ஒரு நொடியில் எடுத்துத் தருகிறது. ஆண்டு ஆண்டாக எண்ணிக் கூட்டச் சொன்னேன். 1918 இல் மூன்று மாதத்துக்குள் அறுபத்து மூன்று பேர்! நூலகத்தில் தேடினேன், அந்த வருடம் உலகம் முழுக்க ஒரு விஷக் காய்ச்சல் பரவியதாம். புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினால் இது தெரியவே தெரியாது. இதை உன் வாப்பாவுக்கு, எங்கள் மாஸ்டருக்குச் சொல். அவர் சரித்திரம் படிப்பிக்கிறவர், கேட்டுத் துள்ளுவார். அவர் எங்கே வேலை செய்கிறார்? நீ எழுதவே இல்லையே.

கதவுச் சத்தம் கேட்டால் உடனே டோர்ச்சை அணைத்துவிடுகிறேன். ஆனாலும் விடமாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

நளாயினி

---

புத்தளம்
8.3.1992

அன்பின் நளாயினிக்கு,

உன் காய்ச்சல் மாறியிருக்கும் என்று நினைக்கிறேன். இரவில் தலையை மூடிக்கொண்டு இரு. உம்மாவின் கால் அப்படியேதான்.

நீ அனுப்பிய முதல் பத்துத் தாளை எங்கள் கொட்டிலில் வாசித்தேன். இரண்டாம் நாள் வாசலில் வரிசை நின்றது. "என்ட வாப்பும்மா இருக்கிறாவா பார்", "என்ட மூத்த வாப்பாவின்ட பேரைச் சொல்லு." பெயர் இருந்தவர்கள் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இல்லாதவர்கள் சண்டை. ஹில்மி, "கொம்பியூட்டருக்குக் கலிமா ஓதத் தெரியுமா ராத்தா?" என்று கேட்டான். "பெயரெல்லாம் தெரியும்" என்றேன்.

இங்கே ஒரு உத்தியோகத்தர் எங்கள் ஆட்களிடம், நீங்கள் யாழ்ப்பாணம் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டாராம். எல்லாம் பறித்த பிறகு எதைக் காட்டுவது? இப்போது உன் தாள்களைக் காட்டுகிறார்கள். ஆகையால் பார்த்து அடி. ஒரு எழுத்தும் மாறக்கூடாது.

அடுத்த கொட்டில் சுலைஹா மாமி ஒரு பெயர் தேடச் சொல்கிறார். பெயர் என்று இல்லை. 1962 இல் பிறந்து மூன்று நாளில் மௌத்தான பிள்ளை. பெயர் வைக்க முதலே போய்விட்டது. நூர்தீன் மகள் என்று தேடிப் பார். அதன் கபுறில் அடையாளத்துக்கு ஒரு மீசான் கல் வைக்கவில்லையே என்று முப்பது வருடமாக அழுகிறார். இப்போது அந்த மண்ணுக்கும் போக முடியாது. நாளாவது தெரிந்தால் போதுமாம். அதற்காகக் குர்ஆன் முழுக்கக் கத்தம் ஓதலாம்.

எங்கள் மாதப் பெயர்களைச் சரியான வரிசையில் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். நீ றஜப் மாதத்தை ராஜப்பு என்று அடித்து வைத்திருக்கிறாய். உம்மா ஒரு வருடத்துக்குப் பிறகு சிரித்தார்.

சலாமுடன்
மிஸ்ரியா

---

செவன் கிங்ஸ்
12.4.1992

அன்புள்ள மிஸ்ரியா,

உம்மா சிரித்தார் என்று வாசித்ததும் என் பயத்தில் பாதி போய்விட்டது. நான் சுகம். கண்தான் கொஞ்சம் எரிகிறது.

ஆயிரத்து இருநூற்று அறுபது பேர் முடிந்தது. சுலைஹா மாமியின் பிள்ளை கிடைத்துவிட்டது! இதோடு வருகிற கட்டில் எட்டாம் தாளில் கோடு போட்டிருக்கிறேன், பார். "நூர்தீன் மகள், வயது மூன்று நாள்", தெற்கு மதிலோரம், வேம்புக்குக் கீழே.

இன்னொரு நல்ல வேலையும் செய்திருக்கிறேன். ஒரு தேதியைக் கொடுத்தால் அது என்ன கிழமை என்று கண்டுபிடிக்கும் கணக்கைக் கணக்கு ரீச்சர் காட்டித்தந்தார். அதைக் கொம்பியூட்டருக்கு எழுதிக் கொடுத்தேன். அது இதுவரை அடித்த எல்லாவற்றையும் சரி பார்த்தது. நாற்பத்தொரு இடத்தில் தேதியும் கிழமையும் ஒத்துவரவில்லை. "1934 மார்ச் 8, வெள்ளி இரவு" என்று இருக்கும், ஆனால் அன்றைக்கு வியாழக்கிழமை. எல்லாம் இரவில் அடக்கியவை. பாவம், தூக்கக் கலக்கத்தில் எழுதியிருப்பார்கள். நாற்பத்தொன்றிலும் தேதியை ஒரு நாள் கூட்டித் திருத்திவிட்டேன். இனி யாரும் எங்கள் புத்தகத்தில் பிழை பிடிக்க முடியாது.

இப்போது பயமான செய்தி. போன வியாழன் பம்ப் பழுதாகி அப்பாவை இரவு இரண்டு மணிக்கே அனுப்பிவிட்டார்கள். படியில் காலடி கேட்டபோது படச்சுருள் கட்டில் முழுக்கப் பரந்து கிடந்தது. போர்வையை இழுத்து மூடினேன். டோர்ச்சை அணைக்க நேரமில்லை. அப்பா வாசலில் நின்றார். போர்வைக்குள் வெளிச்சம் தெரிந்தது.

"என்ன பிள்ளை, இன்னும் நித்திரை கொள்ளேல்லையோ?"

"சோதினைக்குப் படிக்கிறன் அப்பா."

அவர் அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கண்ணைப் பழுதாக்காதை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்தநாள் சாப்பிடும்போது அம்மாவிடம் சொல்கிறார்: "ஆவணியில ரெய்னர்ஸ் லேனுக்கு வீடு மாறுறம். பழைய பெட்டி, பழைய சாமான் ஒண்டும் அங்க கொண்டுபோக ஏலாது. எல்லாத்தையும் எறிஞ்சுவிடுவம்." சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

அவருக்குத் தெரிந்துவிட்டதா? அம்பலவாணன் மாமாவுக்குப் பயந்துதான் எறியப் பார்க்கிறாரா? இன்னும் அறுநூற்று ஐம்பது பேர் மிச்சம். ஆவணிக்குள் முடிப்பேன். மாஸ்டருக்கு என் வணக்கம். அவரிடமிருந்து இரண்டு வரி வந்தால் எனக்குத் தைரியமாக இருக்கும்.

நளாயினி

---

புத்தளம்
10.5.1992

நளாயினி,

சுகம் கேட்கும் மனநிலையில் நான் இல்லை. நீ சுகமாக இரு.

சுலைஹா மாமிக்கு எட்டாம் தாளை வாசித்தேன். "1962 மே 18" என்றதும் என் கையைப் பிடித்துவிட்டார். "இல்லை புள்ள. ஹஜ்ஜுப் பெருநாள் கழிஞ்சு வந்த வியாழன் பொழுதுபட்டுத்தான் என்ட கையில இருந்து வாங்கிக்கொண்டு போனாங்க. விடிய ஜும்ஆத் தொழுகை. மூண்டு நாள்தானே வாழ்ந்தது அது? நாலாம் நாளையும் நீங்க குடுக்கிறியளோ?" என்று கேட்டார். நான் தாளை மடித்தேன். அத்தாட்சி என்று காட்டித் திரிந்த தாள் அது.

எங்களுக்கு நாள் பொழுது பட்டதும் தொடங்குகிறது. வியாழக்கிழமை சூரியன் மறைந்தால் வெள்ளி பிறந்துவிட்டது. வியாழன் பின்னேரத்துக்குப் பின்னால் வருகிற இரவுதான் வெள்ளி இரவு. இங்கிலீசுத் தேதியை மட்டும் அரசாங்கக் கந்தோர்க் கணக்கில் வியாழனுக்கே போடுவார்கள். நூறு வருடமாக அப்படித்தான் எழுதி வந்தார்கள். யாருக்கும் தூக்கக் கலக்கம் இல்லை. புத்தகத்தில் பிழை இருக்கவில்லை. இப்போதுதான் இருக்கிறது.

விளங்காவிட்டால் இன்னொரு உதாரணம் தருகிறேன்.

1990 ஒக்ரோபர் 30, செவ்வாய்க்கிழமை. காலையில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்று. மைதானத்தில் வரிசையில் நின்றோம். வாப்பா திடீரென்று என் கையை விட்டார். "நீங்க லொறியில ஏறுங்க. நான் பள்ளிக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வாறன்" என்றார். உம்மா அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் போறியள், யோகா அண்ணையிட்டப் படம் இருக்குத்தானே?" என்றார். "அது பழுதாப் போச்செண்டு எழுதினவரெல்லோ. இது ஒண்டுதான் மிச்சம்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

எங்களை ஏற்றிக்கொண்டு லொறி போய்விட்டது. இறக்கிவிட்ட இடத்தில், அடுத்த லொறியில் வருவார் என்று தெருவோரம் இருந்தோம். பொழுது பட்டது. எங்கள் கணக்கில் அது புதன் இரவு. அந்தப் புதன் இரவு வாப்பா வரவில்லை. இன்றுவரைக்கும் வரவில்லை.

உன் அப்பாவின் கடிதம் எண்பத்தொன்பதில் வந்தது. படச்சுருள் எல்லாம் தண்ணீர் பட்டு அழிந்துவிட்டது, மன்னியுங்கள் மாஸ்டர் என்று ஒரு வரி. வாப்பா எனக்கு வாசித்துக் காட்டினார். ஒன்றும் பழுதாகவில்லை, அப்படியே இருக்கிறது என்று நீ உன் முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். அதை வாசித்துவிட்டு ஒன்றரை மாதம் நான் பேனையைத் தொடவில்லை. கோபத்தில் எழுதினால் நீ பயந்து பெட்டியை மூடிவிடுவாய். எனக்குப் புத்தகம் வேண்டும். நான்கு கடிதத்திலும் வாப்பாவைக் கேட்டாய். நான் உம்மாவின் காலைப் பற்றி எழுதினேன்.

இனி உன் இஷ்டம். எழுதினால் எழுது. நாற்பத்தொன்றையும் பழையபடி ஆக்கு.

மிஸ்ரியா

---

புத்தளம்
28.6.1992

நளாயினி,

எழுதியதற்கு நான் வருத்தப்படவில்லை. ஆனால் நீ எழுதாமல் இருப்பது பயமாக இருக்கிறது. பெட்டி இருக்கிறதா? அதை மட்டும் ஒரு வரி எழுது. உனக்கு அடி விழுந்ததா?

உம்மா உன்னைக் கேட்கிறார்.

மிஸ்ரியா

---

செவன் கிங்ஸ்
19.7.1992

அன்புள்ள மிஸ்ரியா,

உம்மாவின் கால் சுகமாக வேண்டும் என்று ஒவ்வொரு வெள்ளியும் விளக்கு வைக்கிறேன். எனக்கு அடி விழவில்லை. பெட்டி இருக்கிறது.

உன் மே மாதக் கடிதத்தை மூன்று கிழமை பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் ஏதும் கேட்டால் "ம்" என்பேன். அம்மா, "என்னடி, வாயில கொழுக்கட்டையோ?" என்று ஏசினார். ஜூன் மாதம் ஒரு செவ்வாய், அப்பா ஷிப்டுக்குக் கட்டும் சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே உன் கடிதத்தை வைத்தேன். வைத்துவிட்டு மேலே ஓடிப்போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். சத்தம் போடுவார், கடிதத்தைக் கிழிப்பார், பெட்டியைத் தூக்கித் தெருவில் எறிவார் என்று காத்திருந்தேன்.

ஒரு சத்தமும் இல்லை. ஒரு மணித்தியாலம் கழித்து இறங்கினேன். அப்பா கோட்டைப் போட்டபடி குசினி மேசையில் இருந்தார். வேலைக்குப் போகவில்லை.

"மாஸ்டர் மாதம் ஒரு கடிதம் போடுவார்" என்றார். என்னிடமா, சுவரிடமா சொன்னார் என்று தெரியவில்லை. "யோகா, படங்களைப் பிரிண்ட் போட்டு அனுப்பிவிட்டீரோ எண்டு. ஏசமாட்டார். மெல்லமாத்தான் கேப்பார். ஒரு அறையில ஏழு பேர் படுத்தெழும்பினம். இருட்டறைக்கு நான் எங்க போறது, கடையில குடுக்கக் காசுக்கு எங்க போறது? இந்த மாதம், அடுத்த மாதம் எண்டு எழுதி எழுதி எனக்கு வெக்கமாப் போச்சு. பழுதாப் போச்செண்டு எழுதினா இனிக் கேக்கமாட்டார்தானே எண்டு..." உன் கடிதத்தைத் திருப்பி மடித்துக்கொண்டே, "ஒரு வரி, பிள்ளை. நான் எழுதினது ஒரே ஒரு வரி" என்றார்.

நான் இவ்வளவு நாளும் அவர் அம்பலவாணன் மாமாவுக்குப் பயந்துதான் பெட்டியை மறைத்தார் என்று நினைத்தேன். அப்படி இருந்திருந்தால் எனக்கு இதைவிட லேசாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் அவரே பெட்டியைத் தூக்கிவந்து மேசையில் வைத்தார். லீவுக்குக் கணக்கு ரீச்சர் ஒரு கொம்பியூட்டரை வீட்டுக்குத் தந்திருக்கிறார். அப்பா பூதக்கண்ணாடியால் பார்த்து வாசிக்கிறார், நான் அடிக்கிறேன். நான் பிழையாக வாசித்த பெயர்கள் பதினெட்டு. எல்லாம் திருத்தியாகிவிட்டது. நாற்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகப் படச்சுருளில் பார்த்துப் பழைய தேதியைப் போட்டோம். சுலைஹா மாமியிடம் சொல்: 1962 மே 17, வெள்ளி இரவு. அந்தப் பிள்ளைக்கு மூன்று நாள்தான்.

போன ஞாயிறு அம்பலவாணன் மாமா வந்தார். நான் படச்சுருள்களை அள்ளப் போனேன். அப்பா, "விடு" என்றார்.

"என்ன யோகராஜா, வீட்டிலயும் ஸ்ரூடியோ போட்டிட்டீரோ?"

"ஓம். பழைய வேலை ஒண்டு மிச்சம் கிடக்கு. சோனகதெருப் பள்ளிவாசல் வேலை."

மாமா என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டார். அப்பா பூதக்கண்ணாடியைத் துடைத்தார். விட்ட இடத்திலிருந்து வாசித்தார்.

அவர் உனக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். ஐந்து தாளைக் கிழித்துவிட்டார். நான் எழுதுவதை நீ வாசித்தால் போதும் மிஸ்ரியா. பதில் எழுதாவிட்டாலும் தாள்களை அனுப்பிக்கொண்டே இருப்பேன்.

நளாயினி

---

புத்தளம்
16.8.1992

அன்பின் நளாயினிக்கு,

நீயும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். வீட்டார் என்று யோசித்துத்தான் எழுதினேன். ஆனால் உன் அப்பாவுக்கு எழுத என்னிடம் இன்னும் சொல் இல்லை. வருமா என்றும் தெரியாது.

சுலைஹா மாமி கத்தம் ஓதினார். ஒரு சட்டி கஞ்சிதான். கொட்டில்காரர் எல்லோருக்கும் ஒவ்வொரு மிடறு. உன் பெயரையும் துஆவில் சேர்த்தார்.

ஒரு பெயர் தேடித் தர வேண்டும்.

வாப்பா போய் இரண்டு வருடமாகப் போகிறது. விதவைகள் மறைவில் இருக்கும் இத்தா இரு என்று உம்மாவைச் சொந்தக்காரர் நெருக்குகிறார்கள். இத்தா இருந்தால் வாப்பா மௌத்து என்று நாங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். உம்மா மாட்டேன் என்கிறார். நேற்று இரவு என்னைக் கூப்பிட்டு, "அந்த மெசினில எல்லாரையும் தேடினியளே, அவரையும் தேடச் சொல்லன்" என்றார்.

அது எண்பத்தாறோடு முடிகிற பட்டியல் என்று எனக்குத் தெரியும். உம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் தேடு. என்ன வந்தது என்று எழுது. உம்மாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

மீராசாகிபு மகன் மஹ்ரூப்.

மிஸ்ரியா

---

ரெய்னர்ஸ் லேன்
8.9.1992, செவ்வாய், பொழுது பட்டபின்

அன்புள்ள மிஸ்ரியா,

உம்மாவுக்கு என் வணக்கம். இதை அவர் பக்கத்தில் இருந்து வாசி.

புது வீட்டுக்கு முதலில் கொண்டுவந்து இறக்கியது பெட்டியைத்தான். பட்டியல் முடிந்துவிட்டது. ஆயிரத்துத் தொளாயிரத்துப் பன்னிரண்டு பேர். மூன்று டிஸ்கில் பதிந்திருக்கிறோம். ஒன்று எங்களிடம், ஒன்று பிலோமினம்மாவின் மாதா படத்துக்குப் பின்னால், ஒன்றைச் சுவாமியார் உனக்குக் கொண்டுவருவார்.

உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொம்பியூட்டரைப் போட்டோம். அப்பா பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். மஹ்ரூப் என்று மட்டும் அடித்தேன். தேடு என்றேன்.

மூன்று பேர் வந்தார்கள்.

மிஸ்ரியா, பட்டியல் எண்பத்தாறோடு முடிகிறது என்று எனக்குத் தெரியும், அப்படியிருந்தும் கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா என் தோளை இறுக்கிப் பிடித்தார். ஒவ்வொருவராகப் பார்த்தோம். 1903, அசனாலெப்பை மகன். 1931, உதுமான்கண்டு மகன். 1958, காசிம் மகன், வயது ஏழு. பிறகு மீராசாகிபு மகன் மஹ்ரூப் என்று முழுதாக அடித்தேன்.

கிடைக்கவில்லை.

"இன்னொருக்கால் தேடு" என்றார் அப்பா. தேடினேன். கிடைக்கவில்லை. "பேரை மாத்தி எழுதிப் பார். முஹம்மது மஹ்ரூப் எண்டு போடு. மஹ்ரூபு எண்டு போடு." எல்லாவற்றையும் போட்டேன். கிடைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அப்பா மூச்சை விட்டார்.

உம்மாவிடம் சொல்: ஆயிரத்துத் தொளாயிரத்துப் பன்னிரண்டு பேரிலும் அவர் இல்லை.

அதற்குப் பிறகு அப்பா ஒரு படச்சுருளை எடுத்துக் காட்டினார். கடைசிப் பக்கம். மூலையில் நம் விரல்கள் இல்லை, ஒரு பெரிய கட்டைவிரல், நகத்தில் மை. நாம் இரண்டு பேரும் களைத்து நித்திரையாகிவிட்டோமாம். அந்தப் பக்கத்தை மாஸ்டரே பிடித்துக்கொண்டிருந்தாராம். அதை மட்டும் அப்பா கடையில் கொடுத்துப் பிரிண்ட் போட்டு எடுத்திருக்கிறார். ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தச் சுருளிலிருந்து வந்த முதல் படம். இதோடு வைக்கிறேன். பின்பக்கத்தில் அப்பா ஒன்றும் எழுதவில்லை.

வெளியே இருட்டிவிட்டது. உங்கள் கணக்கில் இதுவும் புதன் இரவு. அப்பா இன்னும் படுக்கப் போகவில்லை. நானும் போகவில்லை.

நளாயினி